இடது செருப்பு

உன் சூட்கேஸைத் திறந்ததும் வந்தது உன் வாசம் இல்லை, தங்கச்சி. ஏதோ குளிர் நாட்டுச் சவர்க்காரத்தின் வாசம். உடுப்புகளுக்கு அடியில், நீ பயணம் போகும்போது கல்முனைப் பசாரில் நான் வாங்கித் தந்த தோல் செருப்பு இருந்தது.

உன் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு முன் எல்லாவற்றையும் சதக்காவாகக் கொடுத்துவிடச் சொல்லி உம்மா நிற்கிறா. உடுப்புகளை மடித்துக் கட்டிவிட்டேன். செருப்பைக் கையில் எடுத்தவள் அப்படியே இருந்துவிட்டேன். இப்போதெல்லாம் இருந்த இடத்தைவிட்டு எழும்ப ஏலாது.

போன லீவில் வந்து குசினியில் எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாயே. அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"ஸ்கேன் படம்தான் ராத்தா. ஆனா நாங்க அனுப்புற புரோட்டோன் எக்ஸ்ரே மாதிரி நேராப் போகாது. உடம்புக்குள்ள தட்டுப்பட்டு வளைஞ்சு போகும். புகுந்த இடம் தெரியும், வெளிய வந்த இடம் தெரியும். நடுவுல போன பாதையக் கணக்குப் போட்டுத்தான் படத்தக் கட்டுற."

"விளங்கல்ல புள்ள."

"மச்சான் சந்தைக்குப் போறாரு. கடற்கரைப் பக்கத்தால புகுந்து பெரிய ரோட்டால வெளிய வாறாரு. நடுவுல எங்க போனாரு?"

"ஆருக்குத் தெரியும்? கேட்டாலும் சொல்ல மாட்டாரு."

"வெளிய வரக்குள்ள எவ்வளவு களைச்சிருக்காரெண்டு பாருங்க. அத வெச்சு உள்ளுக்கு எவ்வளவு நெருக்கமெண்டு சொல்லலாம். நேர் கோடு போட்டா படம் கலங்கிப்போகும்."

"என்னகா, மனிசன் எந்த ஒழுங்கையால போனானெண்டு புடிக்கவா இவ்வளவு படிச்ச?"

நீ சிரித்த சிரிப்பில் அரித்து வைத்த மா பறந்தது. "ஓம் ராத்தா, அதுக்குத்தான். ஒருக்காக் கட்டினாச் சரிவராது. திரும்பத் திரும்பத் திருத்தணும்" என்றாய். புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடம் சரியாகத் தெரிந்தால்தான் வைத்தியக் கதிர் அதிலேயே போய் நிற்கும், பக்கத்தைச் சுடாது என்றும் சொன்னாய்.

சூட்கேஸைக் கொண்டுவந்த உன் கூட்டாளிப் பிள்ளை சொன்னது சின்னக் கதை. இடுப்பெலும்பில் நோய், கண்டுபிடித்துக் கொஞ்ச நாளில் மவுத்து, அங்கேயே அடக்கம். வருகிறவர்களுக்கெல்லாம் உம்மாவும் அதைத்தான் சொல்கிறா. நேர் கோடு.

இந்தச் செருப்பில் வலது குதி வாங்கினபடி இருக்கிறது. இடது குதி வெளிப்பக்கம் சரிந்து, அடித்தோல் தெரியத் தேய்ந்துபோய் இருக்கிறது. கொஞ்ச நாளில் இப்படித் தேயாது. நெடுநாள் நொண்டித்தான் நடந்திருக்கிறாய். போனில் குரல் ஒருமாதிரி இருக்கிறதே என்றால், "சும்மா களைப்பு ராத்தா" என்பாய்.

"அந்தத் தேஞ்ச செருப்ப ஆரு எடுப்பா? எறி" என்று உம்மா வாசலில் நின்று சொன்னா.

"எறியிறன் உம்மா."

எறியவில்லை. தேய்வை அவவுக்குக் காட்டவும் இல்லை. அவவுக்கு நேர் கோடே போதும்.

உம்மா போன பிறகு காலை நுழைத்துப் பார்த்தேன். உடம்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தது. அந்தச் சாய்வோடு கிணற்றடிக்குப் போய் வந்தேன். பிறகு இன்னொருக்கா. நாளைக்கும் போட்டுக்கொண்டு நடப்பேன். இடுப்பு நோகத் தொடங்கும் இடத்தில் நின்றுகொள்வேன். நீயும் அப்படி எங்கேயோ ரோட்டோரத்தில் நின்றிருப்பாய்.