காப்பிப் பாத்திரத்தின் கைப்பிடி

மார்ச் 4, செவ்வாய்

அலுமினியக் காப்பிப் பாத்திரத்தின் கைப்பிடியில் கடுகளவு வெள்ளிப் பொட்டு. பற்றவைக்கும் ஈயம் தெறித்திருக்கும் என்று துணியால் துடைத்தேன். போகவில்லை, பளபளவென்று பரவியது. ரூமியானா அக்கா அதே பாத்திரத்தில் லிண்டன் பூ போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தாள். ஆறாம் மாதம் அவளுக்கு, காப்பியை விட்டுவிட்டாள்.

இன்று கடையில் நான்கு மடிக்கணினி பழுதுபார்த்து முடித்தேன். ஒன்றுகூடத் திரும்பி வராது.

மார்ச் 5

கைப்பிடி பிஸ்கட் மாதிரி உடைந்தது, அக்கா கையிலேயே. வெந்நீர் தரையில். நல்லவேளை, காலில் படவில்லை.

"என்ன நெவெனா, பசி தாங்காம பாத்திரத்தையே கடிச்சிட்டியா?" என்று சிரித்தார் வெலிஸார் அண்ணன். கடை அவருடையது, அக்கா அவர் மனைவி.

அக்கா சிரிக்கவில்லை. "இது பாதரசம்! சின்ன வயசுல எங்க வீட்டுல காய்ச்சல் பாக்கற குழாய் உடைஞ்சப்போ இப்படித்தான் மின்னுச்சு. இதுலயா நான் குடிச்சேன்? என் பிள்ளை..."

எனக்குப் புரிந்துவிட்டது. நேற்றுக் காலை ஒரு மடிக்கணினியில், சூட்டைக் கடத்தும் திரவ உலோகத்தைச் சிப்பின்மேல் பூசிக்கொண்டிருந்தேன். வேலை மேசையின் மறுகோடியில் இருந்த மின் அடுப்பில் காப்பி பொங்கி ஏறியது. நுரை வழிந்துவிட்டால் இந்த ரூசே ஊரில் அதைக் காப்பி என்று யாரும் தொடமாட்டார்கள். ஓடிப்போய் இறக்கினேன் — கையுறையோடு. அலுமினியத்தை அது அரிக்கும் என்று தெரிந்தும்.

வாய் திறக்கவில்லை. ஏன்?

மார்ச் 6

திரவ உலோகக் குழாயோடு வந்த பாதுகாப்புத் தாளை மூன்று முறை படித்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்தான், படிக்கத் தெரியாதவள் இல்லை. காலியம், இண்டியம், வெள்ளீயம். பாதரசம் இல்லை. அறைச் சூட்டில் ஆவியாகாது. ஆனால் விழுங்கக் கூடாது, கண்ணில் படக் கூடாது, சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. கர்ப்பிணிகள்? தகவல் இல்லை என்று ஒரே வரி.

அக்காவிடம் போய் நின்றேன். "என் கையுறையிலேர்ந்து பட்டது அக்கா. என் தப்புதான்."

"நேத்தெல்லாம் வாயைத் தைச்சு வச்சிருந்தியாடி?"

நச்சு ஆலோசனை எண்ணுக்கு நானே போன் செய்தேன். பாத்திரத்துக்கு உள்ளேயா வெளியேயா, எவ்வளவு என்று கேட்டார்கள். வெளியே, கைப்பிடியில், கடுகளவு. "வயித்துக்குள்ள போயிருக்க வாய்ப்பு கம்மிதாம்மா. பாதரசம் மாதிரி ஆவியும் வராது. ஆனாலும் அவங்க டாக்டரைப் பாக்கட்டும், தாளை எடுத்துட்டுப் போங்க."

மார்ச் 8

பெண்கள் தினம். அண்ணன் எங்கள் இருவருக்கும் டியூலிப் பூ கொடுத்தார். அக்கா என்னோடு பேசவில்லை.

மார்ச் 10, திங்கள்

அக்கா என்னையும் மருத்துவமனைக்குள் கூப்பிட்டாள். என்ன பொருள் என்று டாக்டர் கேட்டதும் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து நின்று முழுத் தாளையும் படித்தேன். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை.

பிறகு பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை அக்கா வயிற்றில் வைத்தார்கள். டக்டக்டக். "குதிரை மாதிரி ஓடுது, கேளுங்க" என்றார் டாக்டர். அக்கா அழுதாள்.

வெளியே வந்ததும், "இனிமே ஏதாவது ஆச்சுன்னா அன்னிக்கே சொல்லணும், கழுதை" என்று என் கையைக் கோத்துக்கொண்டாள்.

கடைக்கு வந்ததும் மின் அடுப்பு, கோப்பைகள், சர்க்கரை எல்லாவற்றையும் வேலை மேசையிலிருந்து எடுத்தேன்.

"யாரைக் கேட்டு மாத்தற?" என்றார் அண்ணன்.

"யாரையும் கேக்கல" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குத் தூக்கிப்போனேன்.