குதிரை ஓடிய பகுதி

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், உன் இருமல் விட்டதா என்று எழுது. அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்துவிட்டது, யாராவது பார்த்தால் மட்டும் நொண்டுகிறார். பரிசு வாங்கிய உன் படத்தை நேற்று சமையலறையில் நின்றபடியே ஃபோனில் பார்த்தேன். உட்காரத் தோன்றவில்லை. நடுவர்கள் அதைக் கருணை மிகுந்த நகைச்சுவை என்று பாராட்டினார்களாமே, அந்தக் கருணையை எங்கே வைத்திருக்கிறாய் என்று மறுபடியும் போட்டுத் தேடினேன், அகப்படவில்லை. வணிக வளாகத்தின் பார்க்கிங்கில் வேலை செய்யும் நாற்பதைத் தொட்ட ஒருவன், கௌபாய் தொப்பியும் கூர்மூக்கு பூட்ஸுமாக விசிலடித்துக் கார்களை மாட்டு மந்தை போல ஓட்டுகிறான், கடைசியில் வாடகைக் குதிரையிலிருந்து சேற்றில் விழுகிறான், உன் பெயர் வருகிறது, எல்லோரும் கை தட்டுகிறார்கள். வழுக்கி விழுகிறவனைப் பார்த்துச் சிரிக்க இத்தனை வருடப் படிப்பு எதற்கம்மா, தெருமுனையில் நின்றாலே போதுமே.

உன் மாமா கோமாளிதான், நான் மறுக்கவில்லை. அந்த பூட்ஸோடு அவன் படியேறும் சத்தம் கேட்டாலே தலையில் அடித்துக்கொள்கிறவள் நான். ஆனால் நான் அவன் முகத்துக்கு நேரே சொல்கிறேன். நீயோ "மாமா, நல்லா பண்றீங்க" என்று தட்டிக்கொடுத்துவிட்டு ஊரைக் கூட்டிச் சிரிக்க வைத்திருக்கிறாய். குதிரைக் காட்சியை எடுத்த அன்று நானும் மைதான வேலியோரம் நின்றிருந்தேன், மறந்துவிட்டாயா? அவன் விழுந்தது முதலில். சேற்றைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினான். குதிரைக்காரர் கயிற்றை விட்டுவிட்டார், அவன் மைதானத்தை முழுதாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தான், முதுகு வளையாமல். கிண்டல் செய்யவென்றே வந்திருந்த நானே வேலியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தேன். அப்போதும் உன் கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டாய். அவன் ஓட்டிவிட்டால் யார் சிரிப்பார்கள், இல்லையா?

இப்போது சங்கதி என்னவென்றால், அவன் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வளாகத்துக் காவலாளிகள் அறையில் பெரிய டிவியில் போடப் போகிறானாம், கூட வேலை செய்பவர்கள் அத்தனை பேரையும், அந்தத் தொப்பியைக் கழற்று கழற்று என்று திட்டும் மேலாளரையும் அழைத்திருக்கிறான். விழுந்ததைக் காட்டியிருந்தால் என்ன செய்வாய் என்று நேற்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "காட்டட்டும் அக்கா, நம்ம புள்ளதானே. அதுக்கப்புறம் நான் ஓட்டினது வருதுல்ல, அது போதும்" என்றான். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தேன்.

நான் சொல்லமாட்டேன், எடுத்தவள் நீ. வெள்ளிக்கிழமைக்குள் அவனைக் கூப்பிட்டு உன் வாயால் சொல், பூசி மெழுகாதே. வெட்டிய பகுதியையும் அனுப்பு, அவர்கள் அதையும் பார்க்கட்டும். பரிசு வாங்குகிற போட்டோவில் மெலிந்து தெரிகிறாய், வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், இதைவிடப் பெரிய படங்களும் எடுக்க வேண்டும். வியாழக்கிழமை அவனுக்கு விடுமுறை, நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பான்.

இப்படிக்கு,
உனக்கு அம்மா, அவனுக்கு அக்கா