தாளாளர் முகத்துக்குப் பின்னால் ஐந்து லேப்டாப்கள்

அக்டோபர் 3, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நோட்டு ஆய்வகக் கணினிகளின் பழுதைக் குறித்து வைக்கக் கல்லூரி கொடுத்தது. நான் பின்பக்கத்திலிருந்து எனக்காக எழுதுகிறேன். அப்படி எழுத என்ன இருக்கிறது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாயால் சொல்ல முடியாதது கொஞ்சம் சேர்ந்துவிட்டது.

இன்று கல்லூரியின் கேமிங் அணிக்கு ஐந்து புது லேப்டாப் வந்தது. பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டேன். ஐந்தும் நன்றாக இருந்தன. 'சரிபார்த்தவர்: வினார்சி' என்று கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே குந்தோரோ சார் 'ஒப்புதல்' என்று போட்டார். ஆய்வகத் தலைவர். கணினியில் அவருக்கு முழுதாகத் தெரிந்த பாகம் பவர் பட்டன்.

அணித்தலைவன் காலாங் வந்து ஒரு லேப்டாப்பை முகர்ந்து பார்த்தான். "புதுசு வாசனையே தனிதான் அக்கா. நீங்க ரொம்பத் தொடாதீங்க" என்றான். நான் தொடாமல் அது எப்படி ஓடியதாம்?

31-ம் தேதியோடு என் ஆய்வக உதவியாளர் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்பது சார் கையில். என் பட்டச் சான்றிதழும் அவர் அலமாரியில். ஒப்பந்தத்தில் சேர்கிற எல்லோரும் அசலைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓடிப்போய்விடுவோமாம். அம்மா அதை இன்னும் பார்க்கவில்லை. பட்டமளிப்பு அன்று கொடுத்தது வெறும் அட்டை. அந்தக் காலி அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா என்னோடு போட்டோ எடுத்தாள். அசல் மூன்று மாதம் கழித்து வந்தது, நேராக அலமாரிக்குப் போனது.

அக்டோபர் 7, சனி

முதல் போட்டி. நம் அரங்கத்திலேயே, மலாங் ஊரிலிருந்து வந்த அணியோடு. எங்கள் ஊர் கெதிரியின் வெயில் கூரைத் தகரத்தின் வழியாகத் தலையில் இறங்கியது. ஏசி கிடையாது, நான்கு ஃபேன்.

பத்து நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு திக்க ஆரம்பித்தது. படம் ஓடும், நிற்கும், குதிக்கும். காலாங் மேசையைக் குத்தினான். "லேக் ஆகுது! லேக் ஆகுது!" ஏதோ தீப்பிடித்த மாதிரி.

தோற்றார்கள். ஆனால் தோற்ற அணிதான் அடுத்த வாரமும் ஆடுகிறது. போட்டியை நடத்துவது நாம், விதியை எழுதியதும் நாம்.

சார் மேடைக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "செக் பண்ணிக் கையெழுத்து போட்டது நீதானே?"

ஆமாம் சார். உங்கள் கையெழுத்தும் அதே தாளில் இருக்கிறது சார். (இதைச் சொல்லவில்லை.)

அக்டோபர் 9, திங்கள்

பையன்களின் வைத்தியம். ஒருவன் வீடியோ பார்த்து கணினியின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதினெட்டு இடத்தில் கை வைத்தான். ஒருவன் 'வேகம் கூட்டும்' மென்பொருள் இறக்கினான். இப்போது திரை மூலையில் சூதாட்ட விளம்பரம் குதிக்கிறது. காலாங் ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி பிராசசர்மேல் சூடு கடத்தும் பேஸ்ட் பூசினான், பல் விளக்கும் அளவுக்கு.

"அக்கா, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. இது கேமிங்."

வழித்துத் துடைத்து, அளவாகப் பூசி மூடினேன். விளம்பரத்தை நீக்கினேன். நன்றி சொல்ல யாருக்கும் நேரமில்லை.

அக்டோபர் 11, புதன்

ஆய்வகத்தில் மூன்று மணி நேரம் அதே விளையாட்டை ஓடவிட்டேன். வேகத்தையும் சூட்டையும் நொடிக்கு நொடி கோப்பில் பதியவிட்டேன். நான்கு கிகாஹெர்ட்ஸ், வரைபடத்தில் நேர்கோடு. ஒரு திக்கல்கூட இல்லை.

மேடையில் மட்டும் ஏன்? இவர்களுடைய வெட்டிப் பெருமை சூட்டைக் கிளப்புகிறதா?

அக்டோபர் 14, சனி

இன்றும் திக்கியது. ஆனால் இந்த முறை பதிவு இருக்கிறது. மேடை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு தொண்ணூற்றேழு டிகிரி. உடனே பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நான்கிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிறது. நான்கு நொடி ஆறுகிறது. மறுபடி நான்கு. மறுபடி ஒன்று. ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு.

ஐந்து லேப்டாப்பும் அப்படி இல்லை. நடுவில் உள்ள மூன்றும் மோசம். இரண்டு ஓரமும் கிட்டத்தட்ட சுத்தம்.

இடைவேளையில் பையன்கள் பாக்சோ கறியுருண்டை தின்னப் போனார்கள். நடுவில் இருந்த லேப்டாப்பை ஓரத்துக்கும், ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும் மாற்றினேன். யாராவது பார்த்தால்? யாரும் பார்க்கவில்லை. என்னை யார் பார்ப்பார்கள்.

திரும்ப ஆட்டம். நடுவுக்குப் போனது திக்கியது. ஓரத்துக்கு வந்தது ஓடியது.

அப்படியானால் மெஷினில் கோளாறு இல்லை. இடத்தில்தான் கோளாறு. அப்போதுதான் நிமிர்ந்து எதிரில் பார்த்தேன்.

பேனர்.

மேசைக்கு முன்னால், வயர் தெரியாமல் மறைக்க, குழாய் அடித்து உயர்த்திக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர். நடுவில் தாளாளர் தர்மோனோ அவர்களின் முகம், ஒரு மீட்டர் அகலத்தில், எல்லாப் பல்லும் தெரிய. லேப்டாப்புகளின் பின்பக்கத்துக்கும் பேனருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. உள்ளே இருந்து தள்ளப்படும் சூடான காற்று ஃப்ளெக்ஸில் முட்டி, திரும்பி, லேப்டாப்பின் அடியில் நுழைகிறது. தான் விட்ட மூச்சையே தான் இழுக்கிறது. ஓரத்து லேப்டாப்புகளைத் தாண்டியதும் பேனர் முடிந்துவிடுகிறது. அங்கே மட்டும் காற்றுக்கு வழி.

லேப்டாப்பை முன்னால் இழுக்கவும் முடியாது. பரீட்சை மேசை, குறுகல். மவுசுக்கு இடமிருக்காது.

சிரிப்பு வந்தது. நாற்காலியில் தனியாகச் சிரித்தேன்.

அக்டோபர் 16, திங்கள்

இரண்டு கோட்டையும் அச்செடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். வாசலில் ஐந்து நிமிடம் நின்ற பிறகு உள்ளே போனேன்.

"பேனரைக் கொஞ்சம் இறக்கிக் கட்டினா போதும் சார்."

அவர் தாளைப் பார்க்கவில்லை. "அதுல யாரு மூஞ்சி இருக்குன்னு பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"இறக்கினா என்ன ஆகும்? கழுத்து வரைக்கும் தரையில போயிடும். தலை மட்டும் மேசைக்குக் கீழ எட்டிப் பாக்கும். நீ போய் அவருகிட்ட சொல்றியா?"

காலாங் அங்கேதான் சோபாவில் கிடந்தான். "பேனர் கட்டினா பிராசசர் வேகம் குறையுமாம் சார்! அப்போ எங்க தெருவுல பாதி வீட்டுல கம்ப்யூட்டரே ஓடக் கூடாது!"

இருவரும் சிரித்தார்கள். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "21-ம் தேதி செமி ஃபைனல். அன்னைக்கும் லேக் ஆச்சுன்னா, தப்பான மெஷினை நீ பாஸ் பண்ணிட்டேன்னு எழுதிட்டு நான் கையைக் கழுவிடுவேன். உன் சர்டிபிகேட்டும் விசாரணை முடியற வரைக்கும் இங்கதான்."

விசாரணையாம். இவர்கள் நடத்தும் விசாரணை எத்தனை வருடம் போகும்?

அக்டோபர் 18, புதன்

இன்று மூன்று பேர் 'பேனர் அக்கா' என்று கூப்பிட்டார்கள். ஒருவன் எங்கள் ஆய்வகப் பக்கமே வராதவன்.

அக்டோபர் 20, வெள்ளி

காலையில் அங்கோட் வேனில் வரும்போது நாற்சந்தியில் கட்டியிருந்த பேனர்களைப் பார்த்தேன். தேர்தல், டியூஷன், வறுத்த வாத்து. எல்லாவற்றிலும் அரைவட்டமாகக் கீறல். காற்றில் கிழியாமல் இருக்க, கட்டுகிறவன் கத்தியால் அப்படிக் கீறிவிடுவான். வேட்பாளரின் நெற்றியிலும் கீறுவான். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. காற்றுக்கு மரியாதை தெரியாது, எல்லோருக்கும் அது தெரியும்.

மதியம் ஆண்கள் எல்லோரும் மசூதிக்குப் போனதும் அரங்கத்துக்குள் போனேன். கையில் பேப்பர் வெட்டும் கத்தி. லேப்டாப் இருக்கும் உயரத்தில் ஐந்து அரைவட்டம். வெட்டிய மடலை உள்பக்கம் மேலே மடித்து டேப் ஒட்டினேன். நான்கு சுலபம். நடுவில் உள்ளது சரியாக அவர் பல்வரிசைக்குப் பின்னால். மேல்வரிசை முழுவதும் போய்விட்டது.

நான் என்ன செய்துவிட்டேன்? காற்றுக்கு வழி விட்டேன். அவ்வளவுதான்.

அக்டோபர் 21, சனி

ஒரு திக்கல்கூட இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை நான்கு கிகாஹெர்ட்ஸ். சூடு எண்பதைத் தாண்டவில்லை. இவ்வளவு அழகான கோட்டை நான் வரைந்ததே இல்லை.

தோற்றார்கள். இருபத்திரண்டு நிமிடத்தில். போன வாரம் தோற்கக்கூட நாற்பது நிமிடம் ஆனது. லேக் இவர்களைக் கொஞ்ச நேரமாவது காப்பாற்றியிருக்கிறது. காலாங் பழக்கத்தில் "லேக்!" என்று கத்தினான். எதிரணிப் பெண் ஒருத்தி அவன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "உன்னோடது எங்களோடதைவிட நல்லா ஓடுதே தம்பி" என்றாள். அவன் முகம்!

முன்வரிசையில் தாளாளர். அவருடைய சொந்த வாயிலிருந்து சூடான காற்று வந்து அவர்மேலேயே அடித்துக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் விசிறிக்கொண்டே, அந்த ஓட்டையை ரொம்ப நேரம் பார்த்தார்.

அக்டோபர் 23, திங்கள்

சார் கூப்பிட்டார். மேசையில், சனிக்கிழமைக் கோட்டையும் நான் வைத்தபின், மூன்று கோடுகளும் இருந்தன. இந்த முறை பார்த்தே விட்டார்.

"இந்தக் கடைசிக் கோடு நேரா இருக்கே. என்ன அர்த்தம்?"

"மெஷின் நல்லா இருக்குன்னு அர்த்தம் சார்."

"அப்போ ஏன் தோத்தாங்க?"

பதில் அவருக்கும் தெரியும்.

"கோச் யாரு? தாளாளரோட மருமகன். அவரு சரியில்லைன்னு நான் எழுதணுமா? முடியாது. அதனால மெஷின் சரியில்லை. மெஷின் சரியில்லைன்னா, செக் பண்ணது சரியில்லை." கணக்குப் பாடம் நடத்துவது போல விரல் மடக்கினார். "கவனக்குறைவா பாத்துட்டேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடும்மா. ஒரு வருஷம் நீட்டிச்சு வாங்கித் தர்றேன். பேனர்ல ஓட்டை போட்டது யாருன்னும் கேக்க மாட்டேன். உனக்கு என்ன நஷ்டம்?"

"யோசிச்சு சொல்றேன் சார்" என்றேன்.

அவருக்கு அது சம்மதமாகக் கேட்டிருக்கும். என்னிடமிருந்து வரும் எல்லாமே அவருக்குச் சம்மதமாகத்தான் கேட்கும்.

அக்டோபர் 25, புதன்

அம்மா பெச்செல் சோற்று வியாபாரம் முடித்துவிட்டுக் கூப்பிட்டாள். "வேலையை நீட்டிச்சுட்டாங்களாடி?" ஒரு வரி எழுதினால் நீட்டுவார்கள் என்றேன். என்ன வரி என்று கேட்டாள். சொன்னேன்.

அப்புறம், "நீ கவனமா பாத்தியா, பாக்கலையா?"

"பாத்தேன்மா. ஒவ்வொண்ணா ரெண்டு மணி நேரம்."

"அப்புறம் எதுக்குடி எழுதறே?"

எழுதப் படிக்கத் தெரியாதவள்.

அக்டோபர் 30, திங்கள்

எழுதினேன். ஒரு வரி அல்ல, ஒரு பக்கம். மூன்று கோடு, எந்த இடத்தில் எந்த மெஷின் இருந்தது என்ற படம், பேனரின் உயரம். கடைசியில்: 'காற்று போக வெட்டியது நான்.' கீழே கையெழுத்து.

அக்டோபர் 31, செவ்வாய்

காலையில் முதலில் தாளாளர் அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்தேன். வாங்கிக்கொண்ட எழுத்தர் படித்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

மாலை நாலு மணி ஆகப்போகும்போது சாரிடம் போனேன். அவர் படித்தார், இரண்டு முறை. காது சிவந்தது.

"இதை எங்கேயும் குடுத்துடலையே?"

"மாடியில தாளாளர் ஆபீஸ்ல குடுத்துட்டுத்தான் வந்தேன் சார்."

"உனக்கு வேலை வேணாமா? நாளைக்கு உன் பேரு லிஸ்டுல இருக்காது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

மேசையில் இருந்த பேனாவைத் திறந்தார், மூடினார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த அறையில் அவர் எனக்காகக் காத்திருந்தார். இன்று மாலை நாலு மணியோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குமேல் என்னுடைய எதையும் பூட்டி வைக்க அவரிடம் ஒரு தாளும் இல்லை. இதை ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம் வரை வாயில் வரவில்லை.

"வேற என்ன?" என்றார்.

சுவர்க் கடிகாரம் நாலு ஐந்து. நான் நகரவில்லை.

"அலமாரியைத் திறங்க சார். என் சான்றிதழ் வேணும்."