துடுப்புக்கு அடியில் ஒரு மீன்

பிப்ரவரி 4

டேய் ஊசி,

உன் லெட்டர் வந்துச்சு. நல்லா இருக்கியா? பொண்ணு வீட்டுல மூணு வேளையும் ஒழுங்கா சாப்பாடு போடுறாங்களா, இல்ல ஆத்துக்கு அக்கரை போன நாள்லேர்ந்து காத்தத்தான் குடிக்கிறியா? இடுப்பு வலிக்குதுன்னு எழுதியிருக்க. நாப்பது வருஷம் தையல் மிஷின் முன்னாடி குனிஞ்சு உக்காந்தவனுக்கு வேற என்ன வலிக்கும், மூக்கா?

உங்க ஊரு கண்காட்சியில தொங்குற படகுக்காரர் கோட்ட நீயே தைச்சு, நாலு மாசம் மொட்டை மாடி வெயில்ல போட்டு நூறு வருஷப் பழசாக்கினேன்னு எழுதியிருக்க பாரு, அத படிச்சு சிரிச்சதுல பல்செட்டு கழண்டு மரத்தூள்ல விழுந்துடுச்சு. கழுவித்தான் மாட்டினேன், மூஞ்சிய சுளிக்காத.

அந்த மனுஷன் நூறு வருஷத்துக்கு முன்னாடி வந்த வெள்ளத்துல மூணு நாள் தூங்காம ஆள் ஏத்தி எறக்கினாரு. அப்ப ஒரு வாய் தண்ணி வேணுமான்னு எந்த ஊரும் கேட்டிருக்காது. இப்ப ரெண்டு கரையும் எங்காளு எங்காளுன்னு நாடகம் போடுது, கண்காட்சி வைக்குது. அடுத்த மாசம் அதிகாரிங்க வந்து பாத்துட்டு, நினைவு மண்டபம் எந்தக் கரையிலன்னு சொல்லப் போறாங்களாம்.

சரி, நீ உன் திருட்ட சொன்ன.

எங்க கண்காட்சியில கண்ணாடிக்குள்ள இருக்கே படகுக்காரர் துடுப்பு, அது என் கைவேலை. நாடகத்துக்குன்னுதான் செஞ்சேன். டீத்தண்ணியில ஊறவச்சு, சங்கிலியால அடிச்சு, புகையில காட்டினேன். கமிட்டித் தலைவர் அத மேடைக்குப் பின்னாடி பாத்துட்டு, இது எங்க கிடைச்சுதுன்னு கண்கலங்கிட்டாரு. அழுற மனுஷன்கிட்ட உண்மைய எப்படிடா சொல்றது? புடிக்கு அடியில சின்னதா ஒரு மீன் செதுக்கியிருக்கேன். என் அடையாளம். அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இந்த வருஷமும் நான்தான் படகுக்காரர். பத்தொன்பதாவது தடவை. கடைசிக் காட்சியில வசனம் மறந்து முழிப்பேன், வழக்கம்போல ஓரத்துல நின்னு எடுத்துக் கொடுக்க நீ வந்துடணும். எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வேஷம்தான். வரலன்னா மேடையிலேயே உன் குறட்டையப் பத்திப் பேசிடுவேன்.

புடிச்சா விடாத,
கோந்து


பிப்ரவரி 12

அன்புள்ள கோந்து,

நலம். உன் லெட்டர ரெண்டு தடவை படிச்சேன். நான் சிரிச்ச சத்தம் கேட்டு மாப்பிள்ளை எட்டிப் பாத்தாரு. இங்க கண்காட்சிக்குத் தலைவரே அவருதான்னு உனக்குத் தெரியும். ஒண்ணுமில்லன்னுட்டேன். இந்த வீட்டுல நான் பேசினா யாரும் தலைய நிமித்துறதில்ல. அன்னைக்கு அவராவே வந்து, "என்ன மாமா விசேஷம்"னு பக்கத்துல உக்காந்தாரு.

நாடகத்துக்குக் கண்டிப்பா வரேன். உன் வேஷச் சட்டைய பிரிச்சு வச்சிருக்கேன். வயிறு எத்தனை விரல் கூடியிருக்குன்னு பொய் சொல்லாம அளந்து எழுது.

உன்,
ஊசி


மார்ச் 9

டேய் ஊசி,

வயிறு ரெண்டு விரல் கூடியிருக்கு. ஆனா இனிமே அளவு வேண்டாம்.

முந்தாநாள் அதிகாரிங்க வந்தாங்க. வேற எதையும் பாக்கல. நேரா துடுப்புகிட்ட போயி, கண்ணாடிய தொறக்கச் சொல்லி, புடிய திருப்பினாங்க. மீன் என்னைப் பாத்துச்சு. எங்க தலைவரும் என்னைப் பாத்தாரு. திட்டியிருந்தா பரவாயில்ல. "என்னை ஏன்யா அழவிட்ட"ன்னு மட்டும் கேட்டாரு.

மண்டபம் உங்க கரைக்குப் போயிடுச்சு. என் வேஷம் தபால்காரருக்குப் போயிடுச்சு. அவரு துடுப்ப தொடப்பம் மாதிரி புடிக்கிறாரு. டீக்கடையில நான் உக்காந்தா பெஞ்சு காலியாகுது. காலை நீட்டி உக்காந்துக்கிறேன், வசதியாத்தான் இருக்கு.

நீ யார்கிட்டயாவது சொன்னியாடா? இல்லன்னு ஒரு வரி எழுது. நம்பிடுவேன்.

கோந்து


மார்ச் 15

அன்புள்ள கோந்து,

எழுதக் கை வரல. நான் சொல்லலடா. நான் குளிக்கப் போயிருந்தப்ப மாப்பிள்ளை என் பெட்டிய தொறந்து உன் லெட்டர எடுத்துட்டாரு. எடுத்தது எனக்குத் தெரியவே தெரியாது. இப்ப அத கண்காட்சியில வச்சிருக்காங்களாம். நான் அந்தப் பக்கமே போகல. போக மனசு வரல. பொண்ணு வீட்டுல இருக்கிறவன் என்ன கேள்வி கேக்க முடியும், நீயே சொல்லு.

கோவப்படாத. நாடகத்தன்னைக்கு வந்து நேர்ல பேசுறேன்.

என்னைக்கும் உன்,
ஊசி


மார்ச் 24

மதிப்பிற்குரிய தையல்காரர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டுல எல்லாரும் நலமா இருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

நம்பிடுவேன்னு எழுதியிருந்தேன். ரெண்டு நாள் நம்பவும் செஞ்சேன். மூணாம் நாள் பஸ் ஏறி உங்க ஊருக்கு வந்தேன். வீட்டுக்கு வரல, கண்காட்சி மட்டும் பாத்தேன். நான் இவ்வளவு கோணலா எழுதுவேன்னு கண்ணாடி வழியா பாத்தாத்தான் தெரியுது. ஒரு டீச்சரம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு சத்தமா படிச்சுக் காட்டினாங்க. எல்லாம் சிரிச்சுதுங்க. நானும் கூட நின்னு சிரிச்சேன்.

லெட்டர்ல பாதிதான் இருந்துச்சு. "எங்க கண்காட்சியில"ன்னுதான் ஆரம்பிக்குது. அதுக்கு மேல கோட்டப் பத்தி எழுதினது எதுவும் இல்ல. கோட்டு பக்கத்துலயே தொங்குது, தனி விளக்கு போட்டு.

வெட்டின விளிம்ப குனிஞ்சு பாத்தேங்க. ஒரே வெட்டு. ஒரு பிசிறு இல்ல, நூல் புடிச்ச மாதிரி ரெண்டு வரிக்கு நடுவுல போகுது. உங்க மாப்பிள்ளை தொறப்பு விழாவுல ரிப்பன வெட்டவே நாலு தடவை கத்திரி போட்டாரு, அன்னைக்கு நானும் கூட்டத்துல இருந்தேன். அப்படி வெட்டுற கை ஒண்ணத்தான் எனக்குத் தெரியும். நாப்பது வருஷமா எனக்கு சட்டை வெட்டின கை.

வாசல்ல உங்க நாற்காலியும் பாத்தேன். முதுகுல ஆலோசகர்னு எழுதியிருக்கு. நல்ல மரம்தான். பின்னங்கால் ஒண்ணு லேசா ஆடுது, அட்டைய மடிச்சு முட்டு கொடுத்துக்குங்க.

எங்க தலைவர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தாரு. அக்கரையில இருக்கிறதெல்லாம் நிஜந்தானா, உனக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லு, வேஷத்த திருப்பித் தந்துடுறோம்னாரு. எனக்கு எப்படிங்க தெரியும்னுட்டேன். கோட்டப் பத்தி நீங்க எழுதின லெட்டர் இதோட வச்சிருக்கேன். சரி பாத்துக்குங்க. எங்கயும் வெட்டல.

ஞாயித்துக்கிழமை நாடகம் முடிஞ்சுது. நீங்க வரல. கடைசி வரிசையில உக்காந்து பாத்தேன். தபால்காரர் ஒரு வசனமும் மறக்கல. ஓரத்துல ஆளே தேவைப்படல.

பிரிச்சு வச்சிருக்கிற அந்தச் சட்டைய தைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தச்சன்