சுரண்டி முகரச் சொன்னவன்

அன்புக் குட்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அண்ணன் மூவரும் சுகம், உன் சுகத்தை நினைத்துத்தான் மனசு அடித்துக்கொள்கிறது. அதனால் வீட்டுக் கதையை ஓரம் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு நீ போனில், படுக்கையை ஒட்டின சுவரில் கறுப்பாக ஏதோ படர்கிறது என்றாய். நான் என்ன சொன்னேன்? மாட்டுத் தீவனக் கடைக்காரன் புத்தி, "கொஞ்சம் சுரண்டி மோந்து பாரு, வெறும் ஈரமா பூசணமான்னு மூக்கே சொல்லிரும்" என்றேன். முப்பது வருஷமாகச் சாக்கின் அடிவரை கைவிட்டு ஒரு பிடி தவிட்டை அள்ளி முகர்ந்துதானே சரக்கு எடுக்கிறேன். நீயும் முகர்ந்துவிட்டு, "நம்ம கடை பழைய சாக்கு வாசனைப்பா" என்று சிரித்தாய்.

அம்மாவுக்குச் சளி மருந்து வாங்கப் போன இடத்தில், உன் டி.பி.யைக் குணமாக்கின டாக்டரம்மாவிடம் இதைப் பெருமையாக வேறு சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நோய் போனாலும் உன் வலது நுரையீரலில் எலுமிச்சை அளவுக்கு ஒரு பொந்து நின்றுவிட்டதே, அதில் இந்தப் பூசணம் குடியேறலாமாம். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை, கேள்வி மேல் கேள்வி. அப்போ நான் எப்படிக் கல்லுக்குண்டாக இருக்கிறேன்? எல்லோரும்தான் தினம் அந்தப் பூசணத் தூளைச் சுவாசிக்கிறோமாம், நல்ல நுரையீரல் வெளியே தள்ளிவிடுமாம், பொந்தில் தங்கினது வருஷக்கணக்கில் வளர்ந்து பந்தாகக்கூடத் திரளுமாம். வெளிச்சமே இல்லாத இடத்தில் எப்படி வளரும் என்றேன். "உங்க சாக்குக்குள்ள லைட்டா போட்டு வச்சிருக்கீங்க?" என்றார்.

ஒரு தடவை முகர்ந்ததால் நோய் வந்தே தீரும் என்றில்லையாம், ஆனால் அந்த அறையில் தினமும் படுக்கவே கூடாதாம். நீ முதலில் வேறு அறைக்கு மாறு. சுவரை நீயே தேய்க்கிறேன் பேர்வழி என்று இறங்காதே, வீட்டுக்காரர் ஆள் வைத்துச் செய்யட்டும், அன்றைக்கு நீ அங்கே நிற்கவும் வேண்டாம். இருமல் விடாமல் இருந்தாலோ, உடம்பு இளைத்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதே. பழைய எக்ஸ்ரேயை அண்ணன் அனுப்புகிறான், அங்கே புதிதாக ஒன்று எடுத்து இரண்டையும் டாக்டரிடம் காட்டு.

அம்மா என்னோடு பேசி மூன்று நாளாகிறது. பேசாவிட்டால் போகட்டும், அவள் கோபம் நியாயம்தான். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்ததும் போன் பண்ண மறக்காதே. டாக்டரம்மாவிடம் அத்தனை கேட்டேன், உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. சின்ன வயசிலிருந்து நான் எதைச் சொன்னாலும் ஏன், எதற்கு என்று மல்லுக்கு நிற்பவளாச்சே நீ, இந்த ஒரு தடவை மட்டும் ஏன் குட்டி மறுபேச்சில்லாமல் அப்பா சொன்னதைக் கேட்டாய்?

இப்படிக்கு,
உன் அப்பா