புத்தகத்தில் முடிவு வேறு

என் வீட்டு வாத்தியாரம்மாவுக்கு,

போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்; நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டுப் பையன் எழுதுகிறான். உன் அண்ணன் வீட்டுச் சோற்றில் ஒரு சுற்றுப் பெருத்திருப்பாய். இங்கே என் சமையலுக்குப் பயந்து பூனைகூட வீட்டை விட்டுப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தானே இருந்தோம். பக்கத்து வீட்டு மாரிக்கனியும் அனுசியாவும் உன்னோடு உட்கார்ந்து வயர்க்கூடை பின்னினார்கள். நான் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். நீ அவர்களுக்கு வாசித்துக் காட்டிய நாவல், படமாக டிவியில் ஓடியது. முடிந்ததும், "புத்தகத்துல முடிவு வேற" என்றாய்.

"பத்தாவது படிச்சவ அடிச்சு விடுறா! இத்தனை நாளா வாசிக்கத் தெரியாம சொந்தக் கதையத்தேன் சொல்லிருக்கா" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நீ பாதிக் கூடையை வைத்துவிட்டு, அண்ணன் வீட்டுக்கு மல்லாங்கிணறு பஸ் ஏறிவிட்டாய்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக்கூட்டிக் கடைசி அத்தியாயத்தைப் படித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. படத்தில், கோபித்துப் போனவளைப் புருஷன் போய்க் கூட்டி வருகிறான். புத்தகத்தில் அவன் போகவே இல்லை.

மாரிக்கனி வீடு, அனுசியா வீடு இரண்டுக்கும் போய், "அவ சொன்னது நெசம், நாந்தேன் தெரியாமப் பேசிட்டேன்" என்றேன்.

"அத எங்ககிட்ட எதுக்குண்ணே சொல்றீக?" என்று கேட்டாள் மாரிக்கனி. வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

புத்தகம்தான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் வாயாடிப் புருஷன்