பிரிக்கப்படாத உமரிப் பொட்டலங்கள்

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இன்று காலை உன் மகள் ஒரு அட்டைப்பெட்டியை என் முன்னால் வைத்தாள். "மாமா, அப்பா டேபிளுக்கு அடியில இருந்துச்சு. உங்க பேரு போட்டிருக்குது." திறந்ததும், உப்பளக் கரையில் முளைக்கும் உமரிச் செடியின் காய்ந்த இலை வாடை மூக்கில் ஏறியது. ஒன்றரை வருஷமாக நான் உனக்குக் கொடுத்த பொட்டலங்கள். உப்பு மூட்டைக்குப் போடும் முடிச்சு அப்படியே இருந்தது. ஒன்றே ஒன்றைத்தான் நீ பிரித்திருக்கிறாய்.

2004 கோடையில், பள்ளியில் என்னைப் பார்த்துப் பரீட்சை எழுதிய மகானாகிய நீ, புதுச்சேரித் தாவரவியல் பேராசிரியராக என் உப்பளத்தில் வந்து நின்றாய்.

"டேய், உமரி இலை வேணும்டா."

"எதுக்கு, பொரியல் பண்ணவா?"

"ஊர் ஊரா இலையோட தடிமன், எடை எல்லாம் அளந்து உலக மேப்புல ஏத்துறோம். மழை குறைஞ்சா எந்த நிலம் தாங்கும், எது செத்துப்போவும்னு கம்ப்யூட்டர் அதை வச்சுத்தான் சொல்லும். நம்ம மரக்காணம் மட்டும் காலியா கிடக்குது."

மரக்காணம் காலியா? அந்த ஓட்டை வழியாகக் கடல் முழுக்க ஒழுகிவிடாதா! உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பை அன்றே ஏற்றுக்கொண்டேன். வாரம் ஒரு பொட்டலம். சுனாமிக்குப் பிறகு உப்புப் பாத்தியெல்லாம் சேறாகக் கிடந்தபோதும் முழங்கால் புதையப் போய்ப் பறித்தேன். நான் இலை பறிக்காவிட்டால் பூமி சுற்றாது என்று கிளியனூர் வரை பேசிவைத்தேன். ஒவ்வோர் இலையையும் மகாராணியின் மூக்குத்தியைப்போலப் பாத்தித் தண்ணீரில் அலசினேன். இங்கே கை, கால், கூடை எல்லாவற்றையும் அதில்தானே கழுவுகிறோம்? நல்ல தண்ணீர் குடிப்பதற்கு.

நீ பிரித்த அந்த முதல் பொட்டலத்தின் மேல் உன் கையெழுத்து: "பாத்தித் தண்ணீரில் கழுவியிருக்கிறான். எடையெல்லாம் உப்பு. பயன்படாது."

அதற்குப் பிறகும் மாதாமாதம் வந்தாய். நண்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நீ இல்லன்னா மேப்பே இல்லடா" என்றாய்.

உன்னிடமே படித்தவள் அல்லவா, உன் மகளைக் கேட்டேன்: "அப்போ மரக்காணத்துக்கு என்னம்மா போட்டாங்க?"

"வேற ஏதோ கடற்கரை உமரியோட அளவை வச்சு நிரப்பிட்டாங்க மாமா. அப்பா உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை அம்மா. "நல்ல தண்ணியில கழுவுடா முட்டாள்" என்று நீ ஒரு வார்த்தை திட்டியிருந்தால் லாரி வைத்துத் தண்ணீர் கொண்டுவந்திருப்பேனே! நம் கரை தன் சொந்த இலையோடு அந்த வரைபடத்தில் இருந்திருக்கும். நீயோ என்மேல் இரக்கப்பட்டாய். எதிரிகூட எனக்கு இதைச் செய்ததில்லை.

சாயங்காலம் டீக்கடையில் எக்கியார்குப்பத்து மீனவர் ஒருவர் கேட்டார். "அண்ணே, உலக மேப்புல நம்ம ஊரு ஏறிடுச்சாமே? உங்க இலைதானாமே?"

"ஆமாம்பா" என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதரின் முகம் அப்படி மலர்ந்தது. குழம்பும் கையுமாக நீ என் வீட்டில் எந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புரிந்தது, அவ்வளவுதான். மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை.